ப்ளூ ஒட்டிய இடமெல்லாம் தொட்ட இடமா?

வாளையாறு வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிக்குப் பின் ஆக்சிலில் கிரவுன் பினியன், அதாவது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் சேர்ந்த ஜோடி, மாற்றுகிறார்கள். சாயங்காலம் உரிமையாளரின் போனுக்கு ஒரு படம் வருகிறது. பல்லின் மேல் மஞ்சள் பூச்சு, நடுவில் விரலால் துடைத்தது போல ஒரு நீள்வட்டத் தடம். கீழே ஒரே வரி: "செட்டிங் ஓகேங்ணா." கஞ்சிக்கோட்டுக்குப் போன ஒரு கேட் வால்வு "ப்ளூ டெஸ்ட் பெயில்" என்ற சீட்டோடு திரும்பி வருகிறது. கோவையில் ஒரு லேத் பட்டறைக்கு வரும் டிராயிங்கில் "டேப்பர் காண்டாக்ட் 80 சதம், ப்ளூ போட்டுக் காட்ட வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. டேப்பர் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகச் சிறுக்கும் கூம்பு வடிவம்.

மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான். ப்ளூ போன்ற சாயத்தை ஒரு பாகத்தில் பூசி, மற்றதோடு சேர்த்துப் பிரித்து, எங்கே ஒட்டியது, எங்கே துடைபட்டது என்று பார்ப்பது. பார்க்க எளிது. ஆனால் அதே தடத்தைப் பார்த்து ஒருவர் "நன்றாக இருக்கிறது" என்கிறார், இன்னொருவர் "கழற்று" என்கிறார். சாயம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பதில் தெளிவு இல்லாததால் வரும் சண்டை இது.

சாயம் காட்டுவது தொடுதலை அல்ல, இடைவெளியை

இரண்டு உலோகப் பரப்புகள் முழுக்க ஒட்டி உட்காருவதே கிடையாது. எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும், கிரைண்ட் செய்தாலும், மேடு பள்ளம் இருக்கும். மேடுகள் மட்டுமே தொடும். அளவு மைக்ரானில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1000-ல் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பட்டறையில் இடைவெளிக்குள் நுழைத்துப் பார்க்கும் பீலர் கேஜின் மெல்லிய தகடே பெரும்பாலும் 30 அல்லது 50 மைக்ரான். அதற்குக் கீழே உள்ள இடைவெளியைப் பீலர் கேஜ் பார்க்காது. அங்கேதான் சாயம் வேலைக்கு வருகிறது.

ஒரு பரப்பில் 5 மைக்ரான் தடிமனுக்குச் சாயம் பூசி, அதன் மேல் இன்னொரு பரப்பை வைக்கிறோம் என்று கொள்வோம். உண்மையிலேயே தொடும் இடத்தில் சாயம் ஒட்டும். 3 மைக்ரான் தள்ளி நிற்கும் இடத்திலும் ஒட்டும். 10 மைக்ரான் தள்ளி நிற்கும் இடத்தில் ஒட்டாது. ஆக, நீலம் ஒட்டிய இடம் என்றால் "இங்கே இடைவெளி பூச்சின் தடிமனை விடக் குறைவு" என்று மட்டுமே பொருள்.

பூச்சின் தடிமன்தான் இங்கே அளவுகோல். அந்த அளவுகோலை ஒவ்வொரு முறையும் கையால் தேய்த்து நாமே செய்துகொள்கிறோம். தடிமனாகப் பூசினால் எந்தப் பாகமும் தேறும். "ப்ளூ நல்லா பிடிச்சிருக்கு" என்பதைக் கேட்டதும் வர வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு தடிமனுக்குப் பூசினீர்கள் என்பதே.

எந்தச் சாயம், எதற்கு

பட்டறையில் நீலம் என்ற பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலை கெட்டது.

1. லே-அவுட் ப்ளூ. தகட்டின் மேல் கோடு கீறுவதற்காகப் பூசுவது. ஸ்பிரிட்டில் கரைத்தது, அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த பூச்சு அடுத்த பரப்புக்கு மாறாது. தொடுதல் பார்க்க இது உதவாது.

2. ப்ரஷ்யன் ப்ளூ. டியூபிலோ டப்பாவிலோ பசையாக வரும். நிறமியை எண்ணெயில் அல்லது கிரீசில் குழைத்தது. காயாது. இந்தக் கட்டுரையில் ப்ளூ என்று வருவதெல்லாம் இதுவே.

3. சிவப்பு. ஒரு காலத்தில் ரெட் லெட் எனும் ஈயச் சிவப்புப் பொடியை எண்ணெயில் குழைத்தார்கள். ஈயம் விஷம். நகக்கண்ணில் தங்கி, சாப்பாட்டோடு உள்ளே போகும். பழைய டப்பா அலமாரியில் கிடந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஈயம் இல்லாத சிவப்புப் பசை இப்போது கிடைக்கிறது.

4. மஞ்சள் அல்லது வெள்ளை கியர் மார்க்கிங் பசை. கியர் பல் கறுப்பாக, எண்ணெய் ஊறி இருக்கும். அதன் மேல் நீலம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வெளிர் நிறம். பசையும் கொஞ்சம் கெட்டி.

ப்ரஷ்யன் ப்ளூவின் வேதியியல் பெயரில் "சயனைடு" வருவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் சாயம் காய்ச்சும்போது தற்செயலாகக் கிடைத்த இரும்புச் சேர்மம் இது. அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, எளிதில் பிரியாது. தாலியம், கதிரியக்க சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு இதையே மருந்தாக விழுங்கக் கொடுக்கிறார்கள். கெட்டியான அமிலத்தில் போடாமல், நெருப்பில் காட்டாமல் இருந்தால் போதும். பயப்பட வேண்டியது சட்டைக்கு. காரம் மிகுந்த சலவைச் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் நீலம் சிதைந்து துருக்கறை போலப் பழுப்பாகிவிடும், பிறகு சட்டை பழைய துணிக் கூடைக்குத்தான்.

பூசும் முறை

முதல் விதி: எதை நம்புகிறோமோ அதில் பூசு, எதைச் சோதிக்கிறோமோ அதில் படி. சர்பேஸ் பிளேட் (சமதள அளவுப் பலகை), பிளக் கேஜ் (ஓட்டையைச் சோதிக்கும் அளவுத் தண்டு), ஷாப்ட் இவை மாஸ்டர். சாயம் மாஸ்டரில், தடம் வேலைப்பாகத்தில். தலைகீழாகச் செய்தாலும் ஏதோ தெரியும். ஆனால் வேலைப்பாகத்தின் பள்ளங்களில் சாயம் தேங்கி, எது ஒட்டியது எது ஏற்கனவே இருந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

சமதளப் பாகத்துக்குச் செய்யும் வரிசை இது:

1. பாகத்தின் ஓரங்களில் உள்ள பிசிரை எண்ணெய்க் கல்லால் எடுக்கவும். ஒரே ஒரு பிசிர் பாகம் முழுவதையும் தூக்கி நிறுத்திவிடும்.

2. இரண்டு பரப்பையும் பெட்ரோல் அல்லது தின்னர் நனைத்த துணியால் துடைக்கவும். மண்ணெண்ணெய் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், அதனால் கடைசித் துடைப்புக்கு அது வேண்டாம்.

3. துணிக்குப் பிறகு வெறும் உள்ளங்கையால் ஒரு முறை தடவவும். பஞ்சுத் தூள், மணல் எல்லாம் கண்ணுக்கு முன் கைக்குத் தெரியும்.

4. ஒரு அடிச் சதுரப் பிளேட்டுக்குப் பச்சைப்பயறு அளவு பசை போதும். நாலைந்து புள்ளியாக வைத்து ரப்பர் உருளையாலோ உள்ளங்கையின் அடிப்பாகத்தாலோ பரப்பவும். அடியில் உலோகம் தெரிய வேண்டும், நிறம் வெளிர் வானம் போல இருக்க வேண்டும். கரும் நீலமாக இருந்தால் பாதியை வழித்து எடுங்கள்.

5. பாகத்தை மெல்ல வைக்கவும், போடக் கூடாது. அதன் எடையே போதும், அழுத்த வேண்டாம். மெல்லிய பாகத்தை அழுத்தினால் அது வளைந்து, தொடாத இடமும் தொடும்.

6. 20, 30 மில்லிமீட்டர் தூரத்துக்கு மட்டும் இரண்டு மூன்று முறை நகர்த்தவும். பிறகு நேராகத் தூக்கவும். ஓரம் வழியாக இழுத்து எடுத்தால் விளிம்பு சாயத்தை வழித்துக்கொண்டு பொய்த்தடம் காட்டும்.

தொடக்கத்தில், பாகம் இன்னும் கரடாக இருக்கும்போது, கொஞ்சம் தாராளமாகப் பூசுவது தவறில்லை. பெரிய மேட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய அளவுகோல் வேண்டும். வேலை நெருங்க நெருங்கப் பூச்சு மெலிய வேண்டும். கடைசி இரண்டு மூன்று சுற்றில் புதிதாகச் சாயம் எடுக்காமல், பிளேட்டில் இருப்பதையே திரும்பப் பரப்பிப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள்.

தடத்தைப் படிப்பது

புதிதாக வருகிறவர் கரும் நீலப் புள்ளியைத்தான் உயர்ந்த மேடு என்று நினைத்து, சுரண்டும் கருவியான ஸ்கிரேப்பரை வைக்கிறார். அங்கேதான் பிழை. பாகத்தை நகர்த்தும்போது மிக உயர்ந்த மேட்டின் உச்சியில் இருந்த சாயம் உராய்வில் வழிக்கப்பட்டு, உலோகம் பளபளக்கும். வழிந்த சாயம் சுற்றிலும் வளையமாக ஒதுங்கும். ஆகவே:

• நடுவில் பளபளப்பு, சுற்றிலும் கரு நீல வளையம்: உச்சி. முதலில் சுரண்ட வேண்டியது இது.
• ஒரே சீரான நீலம்: கிட்டத்தட்ட அதே உயரம், கொஞ்சம் கீழே.
• வெளிறிய நீலம்: அருகில் வந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை.
• நிறமே இல்லை: பள்ளம். அதைத் தொட வேண்டாம்.

பளபளப்பைச் சுற்றிலும் உள்ள நீலத்தோடு பிரித்துக் காண, வேலைப்பாகத்தின் மேல் சிவப்புப் பசையை மிக மெல்லியதாகத் தேய்த்துக்கொண்டு, மாஸ்டரில் நீலம் பூசுவது நல்ல பழக்கம். செம்மை படர்ந்த பின்னணியில் நீலப் புள்ளி தனியாக நிற்கும், உச்சி வெள்ளியாக மின்னும்.

எத்தனை புள்ளி வேண்டும்? 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எண்ணுவது வழக்கம். மெஷினில் வழுக்கி நகரும் ஸ்லைடுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருந்தால் நல்ல வேலை. சர்பேஸ் பிளேட் போன்ற மாஸ்டருக்கு இருபதுக்கு மேல். புள்ளிகளுக்கு இடையில் பள்ளம் இருக்கட்டும். எண்ணெய் தங்குவது அங்கேதான். முழுக்க நீலமாக இருப்பது ஸ்லைடுக்கு நல்லதல்ல, இரண்டு கண்ணாடித் தகடு போல ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்.

சாயம் போடுவதற்கு முன்பே பாதி உண்மையைச் சொல்லும் ஒரு சோதனை உண்டு, ஏனோ பலர் அதைச் செய்வதில்லை. பாகத்தைப் பிளேட்டின் மேல் வைத்து ஒரு முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுவில் சுழன்றால் நடு உயர்ந்திருக்கிறது. எதிர் முனையில் ஊன்றிச் சுழன்றால் முனைகள் உயர்ந்து நடு குழிந்திருக்கிறது. இரண்டு முனைகளிலிருந்தும் நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உள்ளே ஊன்றிச் சுழன்றால் பாகம் சமம்.

இன்னொரு பொறியும் உண்டு. சாயம் காட்டுவது இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை. இரண்டும் சமதளமாக இருப்பதை அல்ல. ஒன்று குவிந்து, மற்றது அதே அளவு குழிந்திருந்தால் நீலம் அழகாக முழுக்கப் படியும். இதற்கு வழியை ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோ நகரில் விளக்கினார்: இரண்டல்ல, மூன்று பிளேட் வேண்டும். முதலாவதோடு இரண்டாவது, இரண்டாவதோடு மூன்றாவது, மூன்றாவதோடு முதலாவது என்று மாறி மாறிப் பொருத்திச் சுரண்டினால், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி மூன்றும் சமதளமாவதுதான். தேய்ந்துபோன சர்பேஸ் பிளேட்டை மாஸ்டராக நம்பி ஸ்லைடு சுரண்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிளேட்டின் குழி ஸ்லைடில் மேடாகப் பிறக்கும்.

டேப்பர்: ஒரு சின்னக் கணக்கு

டிரில் ஸ்லீவ், டெயில்ஸ்டாக் சென்டர், பம்ப் ஷாப்டில் ஏறும் கப்ளிங் எல்லாம் டேப்பர். இங்கே தடிமனான பூச்சு செய்யும் ஏமாற்று வேலையைக் கணக்கில் போட்டே பார்க்கலாம்.

மோர்ஸ் டேப்பர் ஏறத்தாழ 20-க்கு 1. அதாவது 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறும். சுற்றிலும் 5 மைக்ரான் பூசினால் விட்டத்தில் 10 மைக்ரான் கூடும். கேஜ் 0.2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கோணத்திலும் அப்படித்தான். 80 மில்லிமீட்டர் நீளமுள்ள டேப்பரில் 5 மைக்ரான் பூச்சு சுமார் 13 விகலை (ஒரு டிகிரிக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை) கோணப் பிழையை மறைக்கும். 20 மைக்ரான் பூசினால் ஏறக்குறைய ஒரு கலையே மறைந்துவிடும். லேத்தில் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பிக் கடைந்த டேப்பரில் வரும் பிழை பல நேரம் இந்த அளவுதான். ஆகவே தடிமனாகப் பூசியவருக்கு அவர் கடைந்த டேப்பர் எப்போதும் சரி.

அதனால் டேப்பரில் முழுக்கப் பூசுவதில்லை:

1. பிளக் கேஜின் மேல் நீளவாக்கில் மூன்று மெல்லிய கோடுகள், 120 டிகிரி இடைவெளியில். விரல் நுனியால் இழுத்தது போல.

2. ஓட்டைக்குள் நேராக நுழைத்து, லேசாக உட்காரவைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பவும். திரும்பத் திருப்ப வேண்டாம்.

3. நேராக வெளியே எடுத்து, கோடுகளைப் பார்க்கவும். கோடு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி பரவியிருந்தால் கோணம் சரி. பெரிய முனையில் மட்டும் பரவி, சிறிய முனையில் கோடு அப்படியே இருந்தால் அந்த முனை தொடவில்லை.

4. மூன்று கோட்டில் ஒன்று மட்டும் வேறுபட்டால் கோணத்தில் குற்றமில்லை. ஓட்டை வட்டமாக இல்லை, அல்லது உள்ளே அழுக்கு இருக்கிறது.

எந்த முனையாவது கொஞ்சம் கூடுதலாகத் தொட்டே தீர வேண்டும் என்றால் அது பெரிய முனையாக இருக்கட்டும். சிறிய முனையில் மட்டும் பிடித்து, வாய்ப்பக்கம் தளர்ந்த டிரில் ஆடும், கப்ளிங் தளும்பும். டிராயிங்கில் 80 சதம் என்று கேட்டால் அது நீளமும் சுற்றும் சேர்ந்த பரப்பு. மூன்று கோட்டை வைத்து அந்தச் சதவீதத்தைச் சொல்ல முடியாது. கோணம் சரி என்று தெரிந்தபின் மிக மெல்லியதாக முழுக்கப் பூசி இன்னொரு முறை பார்த்தே சொல்ல வேண்டும்.

வால்வு: சதவீதத்துக்கு வேலையில்லை

பாரம் தாங்கும் பரப்புக்குத் தொடுதல் பரவலாக இருக்க வேண்டும். நீரையோ நீராவியையோ அடைக்கும் பரப்புக்கு அறுபடாத ஒரு வளையம் வேண்டும். 98 சதம் நீலம் பிடித்து, குறுக்கே ஒரு கீறல் வெள்ளையாக ஓடினால் அந்த வால்வு ஒழுகும். அகலம் குறைந்தாலும் முழு வளையம் இருந்தால் அடைக்கும்.

கேட் வால்வில் ஆப்பு வடிவக் கதவின் இரண்டு முகமும் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டிலும் (கதவு அமரும் வளையங்களிலும்) உட்கார வேண்டும். ஒரு பக்கம் முழு வளையம், மறுபக்கம் அரை வளையம் என்றால் கோணம் பொருந்தவில்லை. அரைக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்து லாப் செய்தாலும் தீராது. லாப்பிங் பேஸ்ட் மிச்சம் சீட்டில் இருக்கும்போது ப்ளூ பார்த்தால் அந்தத் துகள்களே கதவைத் தூக்கும், தடம் பொய் சொல்லும்.

எஞ்சின் வால்வில் ஒரு எச்சரிக்கை. வால்வு முகத்தில் பூசி, சீட்டில் வைத்து, முழுச் சுற்று திருப்பாதீர்கள். சீட்டில் ஒரே ஒரு மேடு இருந்தாலும், வால்வு சுற்றும்போது அந்த மேடு வால்வு முழுக்க ஒரு வளையம் வரையும். வால்வைப் பார்த்து "முழு வட்டம்" என்று ஏமாறுவோம். திருப்பாமல் தட்டி எடுப்பதே சரி. வால்வை 45 டிகிரிக்குச் சற்றுக் குறைவான கோணத்தில் கிரைண்ட் செய்திருந்தால் வெளி ஓரத்தில் மெல்லிய கோடாகவே நீலம் படியும். அது வேண்டுமென்றே வைத்த வித்தியாசம், குற்றமல்ல.

பாலக்காட்டுக் கணவாய் ஓரத்தில் கூடுதலாகக் கெடுப்பவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த இடைவெளியில், தென்மேற்குப் பருவக் காலத்தில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காற்று ஓயாது. காற்றாலைக்கு நல்லது, ப்ளூ பார்ப்பவருக்கு வேதனை. ஷட்டர் திறந்திருக்கும் பட்டறையில் பிளேட்டின் மேல் வந்து விழும் மணல்துகள் 50 மைக்ரான் இருக்கும். பூச்சு 5 மைக்ரான். பிளேட்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து துடைத்துப் புதிதாகப் பூசுவதே நல்லது.

வெயில் இன்னொன்று. பங்குனி, சித்திரையில் ஷீட்டுக் கூரையின் கீழ் வெப்பம் இரும்பை வளைக்கும். ஒரு மீட்டர் நீளம், 100 மில்லிமீட்டர் உயரமுள்ள வார்ப்பிரும்புக் கட்டையில் மேல்முகம் அடிமுகத்தை விட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால், நடு சுமார் 13 மைக்ரான் மேலே வளையும். ப்ளூ இரண்டு முனையிலும் மட்டும் பிடிக்கும். அதை மேடு என்று நினைத்துச் சுரண்டினால், இரவில் கட்டை குளிர்ந்ததும் நடு உயர்ந்துவிடும். கையில் வைத்திருந்த பாகத்தையும், கிரைண்டரிலிருந்து இறக்கிய பாகத்தையும் உடனே சோதிக்கக் கூடாது. பிளேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கட்டும். துல்லிய வேலைக்கு விடியற்காலைதான் நேரம்.

விடியற்காலைக்கும் ஒரு கண்டம் உண்டு. தென்னை மிகுந்த ஊர் என்பதால், கெட்டிப்பட்ட ப்ளூவைத் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்குவது கைக்கு எளிதான வழி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் அந்தப் பசை கட்டி கட்டியாக நிற்கும், தடமும் திட்டுத்திட்டாக வரும். மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

கிரவுன் பினியன்: அளவு அல்ல, இடம்

கியர் பல்லின் முகம் சமதளமல்ல, தன்னோடு சேரும் பல்லோடு ஒப்பிட்டால் லேசாகக் குவிந்தது. ஆகவே தொடுதல் பல்லின் முழு நீளத்துக்கும் வராது, வரவும் கூடாது. நாம் பார்ப்பது தடம் பல்லில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை. பசையை அப்பினால் இங்கேயும் தடம் பெரிதாகித் தெரியும். பெரிய தடம் நல்ல தடம் என்று பொருளல்ல.

பல்லின் நான்கு பக்கங்களுக்குப் பெயர்: கிரவுனின் மையத்தை நோக்கிய குறுகிய முனை டோ, வெளிப்பக்க அகன்ற முனை ஹீல், மேல் பகுதி உச்சி, கீழ்ப் பகுதி அடி. பெரும்பாலான பின் ஆக்சில்களில் கிரவுன் பல்லின் குவிந்த பக்கம் வண்டியை இழுக்கும் டிரைவ் பக்கம். குழிந்த பக்கம், ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினை வண்டி தள்ளும் கோஸ்ட் பக்கம்.

செய்முறை:

1. பினியன் பேரிங்கின் பிரீலோடை (ஆட்டமில்லாமல் இறுக்கி வைக்கும் அளவை) முதலில் சரிசெய்யவும். நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்க்கவும். பினியன் முன்னும் பின்னும் ஆடினால் அதன் பிறகு வரும் எந்தத் தடத்துக்கும் மதிப்பில்லை.

2. பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையே உள்ள தளர்வை, டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளக்கவும். அளவு அந்த ஆக்சிலின் மேனுவலில் உள்ளபடி. இடத்துக்கு இடம் ஏறி இறங்கினால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதன் முதுகில் பிசிரோ அழுக்கோ இருக்கும்.

3. பல்லை எண்ணெய் போகத் துடைத்து, மூன்று நான்கு இடத்தில் மும்மூன்று பல்லாக, இரண்டு பக்கமும் பசை பூசவும்.

4. கிரவுனின் முதுகில் மரக்கட்டையை அண்டக் கொடுத்துப் பிரேக் போல அழுத்தியபடி, பினியனை இரண்டு திசையிலும் திருப்பவும். அழுத்தமில்லாமல் சுற்றினால் தடம் மங்கலாக, பாதி பொய்யாக வரும்.

படிப்பது:

• தடம் உச்சியில்: பினியன் கிரவுனின் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. உள்ளே தள்ள வேண்டும்.
• தடம் அடியில்: பினியன் மிக உள்ளே. வெளியே இழுக்க வேண்டும்.
• தடம் டோவில்: கிரவுனைப் பினியனிலிருந்து விலக்க வேண்டும்.
• தடம் ஹீலில்: கிரவுனை நெருக்க வேண்டும்.

முதலில் உயரம், பிறகு நீளம். பினியனை நகர்த்தினால் பேக்லாஷ் மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். தடம் சரியாக நடுவிலும் வேண்டாம், டோ பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். வண்டியில் பாரம் ஏறியதும் ஹவுசிங்கும் ஷாப்டும் நெகிழ்ந்து, தடம் ஹீல் பக்கம் நகர்ந்து நடுவுக்கு வரும். பட்டறையில் ஹீலில் இருக்கும் தடம், 20 டன் ஏற்றியதும் பல்லின் விளிம்பில் போய் நிற்கும். பல் முனை உடைவது அங்கிருந்துதான்.

பினியனை நகர்த்த இடையில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மில் பலர் தடுக்கி விழுகிறார்கள். "உச்சியில் தொட்டால் ஷிம் கூட்டு" என்பது எல்லா ஆக்சிலுக்கும் பொருந்தாது. பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் இடையில் ஷிம் இருந்தால், கூட்டக் கூட்டப் பினியன் உள்ளே போகும். பினியன் தனிக் கூட்டில் உட்கார்ந்து, அந்தக் கூட்டின் பிளேஞ்சுக்கும் கேரியருக்கும் இடையில் ஷிம் இருந்தால், கனரக லாரிகளில் இது நிறையவே உண்டு, கூட்டக் கூட்டப் பினியன் வெளியே வரும். சின்ன வண்டியில் பழகிய கை லாரியில் தலைகீழாகச் செய்வது இதனால்தான். ஷிம் எந்தப் பக்கம் என்பதை மறந்துவிட்டு, பினியன் உள்ளே போக வேண்டுமா வெளியே வர வேண்டுமா என்று மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள்.

கோஸ்ட் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்குக்கூட நல்லதல்ல. மலைக்குப் போகும் வண்டிக்கு அது வம்பு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் தேயிலை ஏற்றி, இரண்டாவது மூன்றாவது கியரில் எஞ்சினால் பிடித்து இறங்கும் வண்டியில், பாரம் முழுவதும் கோஸ்ட் பக்கத்தில். ஏறும்போது சத்தமில்லாமல் இறங்கும்போது மட்டும் ஊளையிட்டால் அந்தப் பக்கத் தடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே படம் வாங்கும் உரிமையாளர் கேட்க வேண்டியவை: டிரைவ் பக்கம் ஒன்று, கோஸ்ட் பக்கம் ஒன்று. படத்தில் டோ எந்தப் பக்கம் என்று சாக்பீசால் குறித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இடமா வலமா என்று யாருக்கும் தெரியாது. கிரவுனிலும் பினியனிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாகத் தெரியும் படம் ஒன்று, டயல் கேஜ் அளவோடு இன்னொன்று. அவை ஜோடியாகவே லாப் செய்து வருபவை. எண் பொருந்தாத ஜோடிக்கு எவ்வளவு ஷிம் மாற்றினாலும் தடம் நிற்காது.

பழைய ஜோடியையே திரும்ப மாட்டுவதென்றால், கழற்றும் முன்பே பசை பூசித் தடத்தைப் படமெடுத்து, பேக்லாஷையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடித் தேய்ந்த பல்லில் புத்தகத்தில் உள்ள தடம் வராது. அதைத் தேடி ஷிம் மாற்றினால், அமைதியாக ஓடிய ஆக்சில் சத்தம் போட ஆரம்பிக்கும். தேய்ந்த பல் பழைய இடத்திலேயே சேர வேண்டும், அவ்வளவுதான் அங்கே குறி.